மினுக்கச் சான்று

அந்த ரத்தம் தன் மகளுடையது என்று தெரியாமல்தான் ஹேமலதா அதை இயந்திரத்தில் வைத்தாள்.

குழாய்களின் மேல் பெயர் இருக்காது, பார்கோட்டுக் குறி மட்டும்தான். முடிவு திரையில் விழுந்த பிறகு, பிரிவின் பொறுப்பாளர் கட்டைவிரலை வைத்தால்தான் பெயர் தெரியும். கோயம்புத்தூரில் அவிநாசி சாலையை ஒட்டியிருந்த அந்தப் பரிசோதனை நிலையத்தில் ஆறு வருடங்களாக அவள்தான் பொறுப்பாளர். சாதாரண நாளில் நாற்பது குழாய்கள் வரும். தை, வைகாசி மாதங்களில் நூறைத் தாண்டும். அத்தனையும் கல்யாணம் நிச்சயமாகப் போகும் பெண்களின் ரத்தம்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இருபத்திரண்டாவது குழாய் ஓடியது. திரையின் வலது மேல் மூலையில், எதுவுமே இருக்கக் கூடாத இடத்தில், ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இரண்டு கோடி வெள்ளையணுக்கள் லேசர் கதிரின் முன்னால் வரிசையாகக் கடந்து முடித்தபோது பதினொரு புள்ளிகள் இருந்தன.

'மினுக்கம் உண்டு' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு, அடுத்த குழாயைக் கையில் எடுத்துக்கொண்டே விரலை வைத்தாள். பெயர் வந்தது. தர்ஷினி. தந்தை மோகனசுந்தரம். வயது இருபத்தைந்து. சிங்காநல்லூர்.

அவள் முதலில் நினைத்தது, அதே பெயரில் வேறு யாரோ என்று. பிறகு வீட்டு எண்ணைப் படித்தாள். பொள்ளாச்சிச் சம்பந்தத்துக்காக மகள் ரத்தம் கொடுத்திருந்தாள். கையில் இருந்த குழாயைக் கீழே விட்டுவிடுவோமோ என்று பயந்து மெதுவாக அதைத் தாங்கியில் திரும்ப வைத்தாள்.

இந்தச் சோதனை கல்யாணத்துக்காக வந்ததில்லை. சிறுநீரகம் மாற்றியவர்களுக்காக வந்தது. மனித அணுக்களின் மேல்தோலில் ஆளுக்கு ஆள் மாறுகிற சில புரதங்கள் உண்டு. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை ஒட்டி ரத்தத்தில் கலந்தால், அந்தப் புரதம் உள்ள அணு மட்டும் லேசரில் மினுங்கும். கொடுத்தவரின் அணு வாங்கியவரின் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று இப்படிக் கண்டுபிடித்தார்கள். பிறகு இயந்திரங்கள் கூர்மையாயின. கோடி அணுவில் ஒன்று அந்நியமாக இருந்தாலும் தெரிய ஆரம்பித்தது. வயிற்றில் குழந்தையைச் சுமந்தவளின் ரத்தத்தில், அந்தக் குழந்தையின் அணுக்கள் முப்பது நாற்பது வருடம் ஆனாலும் தங்கியிருக்கும் என்பது மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. அது கல்யாணத் தரகர்களின் காதுக்குப் போனபோதுதான் எல்லாம் மாறியது. சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். ஜாதகத்தோடு சான்றும் வேண்டும் என்றார்கள். இப்போது 'மினுக்கம் வந்த பொண்ணு' என்றால் அதற்கு மேல் யாரும் எதுவும் விசாரிப்பதில்லை.

மினுக்கம் வந்தால் அன்றே மறுசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. ஆன்டிபாடி தன் இரண்டு கைகளால் புரதத்தைப் பிடிப்பதுதான் முறை. சில அணுக்கள் அதன் வாலைப் பற்றிக்கொண்டு பொய்யாக மினுங்குவதும் உண்டு. வாலை அடைக்கும் மருந்தைச் சொட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் பொய் மினுக்கம் மறைந்துவிடும். ஹேமலதா அந்த மருந்தை இரண்டு மடங்கு விட்டாள். வாலாக இருக்கட்டும், வாலாக இருக்கட்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நின்றாள்.

மறுபடியும் பதினொன்று.

சாயங்காலம் மகள் வேலை செய்யும் துணி வடிவமைப்பு அலுவலகத்தின் வாசலில் காரை நிறுத்தினாள். தர்ஷினி ஏறிக் கதவைச் சாத்தியதும், வண்டியைக் கிளப்பாமலே கேட்டாள்.

"கண்ணு, அம்மாகிட்ட எதையும் மறைக்காம சொல்லு. உனக்கு எப்பவாவது... நாள் தள்ளிப் போயி, மாத்திரை கீத்திரை எதாவது..."

தர்ஷினி திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா கேக்கற நீ?"

"மினுக்கம் வந்திருக்குது."

"எனக்கா?"

"ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன்."

தர்ஷினி அழுவாள் என்று ஹேமலதா எதிர்பார்த்தாள். அழவில்லை.

"அம்மா, என்னை யாரும் தொட்டதே இல்ல. இதை உங்கிட்ட நான் சொல்ல வேண்டியிருக்குது பாரு, அதான் கேவலமா இருக்குது."

"மிசின் பொய் சொல்லாது கண்ணு."

"அப்ப நான் பொய் சொல்றேன்." அவள் குரல் உயரவில்லை. "ஆறு வருசமா எத்தன பேருக்கு இப்பிடி எழுதிக் குடுத்திருப்ப? அவங்கள்ல எத்தன பேரு உங்கிட்ட வந்து இதையே சொன்னாங்க? ஒருத்தி சொன்னதையாவது நம்புனியா?"

ஹேமலதாவுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், தாராபுரத்துப் பெண். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, சத்தியமா ஒண்ணுமில்லைங்க்கா, இன்னொருக்கா பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஹேமலதா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மறுபடி பார்க்கவில்லை. கடைசியில் அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கையைப் பிடித்த விதம் நன்றாக இல்லை என்று அப்போதே தோன்றியது. அதற்கப்புறம் அந்தப் பெண் என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது.

"காரை எடும்மா" என்றாள் தர்ஷினி. "ஆளுங்க பாக்கறாங்க."

மறுநாள் காலை, முடிவுகளில் இரண்டாவது கையெழுத்துப் போடும் டாக்டர் ஷாஹினாவின் அறைக்குப் போனாள் ஹேமலதா. ஷாஹினா அவளைவிட மூன்று வயது மூத்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"மேடம், பிள்ளையே சுமக்காத பொண்ணுக்கு மினுக்கம் வருமா?"

"வரும்" என்றார் ஷாஹினா, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரத்தம் ஏத்தியிருந்தா வரலாம். அம்மா வயித்துல கூட ஒரு கரு இருந்து கரைஞ்சு போயிருந்தா வரலாம். இன்னொண்ணும் இருக்கு. மூத்த பிள்ளையோட அணு அம்மா உடம்புல தங்கியிருக்குமில்ல? அடுத்த பிள்ளை வயித்துல இருக்கும்போது அது அம்மாகிட்ட இருந்து அந்தப் பிள்ளைக்கும் போகும். எலும்பு மஜ்ஜைக்குள்ள போய் உக்காந்துக்கும். அண்ணனோட அணு தங்கச்சி உடம்புல சாகற வரைக்கும் இருக்கும்."

ஹேமலதா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை நாம சான்றுல எழுதறதில்லையே மேடம்."

"எழுதணும்னு நான் நிர்வாகத்துக்கு மூணு கடிதம் போட்டேன். காரணம் நாலு இருக்குன்னு எழுதினா யாரு இந்தச் சோதனைக்கு வருவாங்கன்னு கேட்டாங்க. நானும் அதோட விட்டுட்டேன். வேலை வேணுமே." இப்போதுதான் ஷாஹினா நிமிர்ந்து பார்த்தார். "யாரோட குழாய் ஹேமா?"

"என் பொண்ணோடதுங்க."

ஷாஹினா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தர்ஷினிக்கு முன்னாடி நீ எப்பவாவது உண்டாகியிருந்தியா?"

"இல்லைங்க மேடம்" என்றாள் ஹேமலதா. இருபத்தொன்பது வருடமாகச் சொல்லிப் பழகிய பொய். தானாக வந்துவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு, அவள் தன் இடது கையில் ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டினாள். மற்றவர்களுக்கு ஒரே குத்தில் ரத்தம் எடுப்பவள், தனக்கு மூன்று தடவை குத்திக்கொண்டாள். தர்ஷினியின் குழாயில் மினுங்கிய அதே புரதத்துக்கான ஆன்டிபாடியைச் சொட்டினாள். அந்தப் புரதம் அவளுக்கும் இல்லை, தர்ஷினியின் அப்பாவுக்கும் இல்லை. பெற்றோரின் எச்சிலை வைத்து, இருவருக்கும் இல்லாத புரதத்தைத்தான் இந்தச் சோதனையில் தேடுவார்கள்.

பதினேழு புள்ளிகள் விழுந்தன.

சேலத்தில் பரிசோதனைப் படிப்புப் படிக்கும்போது அவளுக்கு இருபது வயது. கூடப் படித்தவன் துபாய்க்குப் போனான், கடிதம் போடவில்லை. ஓசூரில் சித்தி வீட்டின் மாடி அறையில் ஐந்து மாதம் சன்னலைத் திறக்காமல் இருந்தாள். ஆண் குழந்தை. முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அம்மா தன் முந்தானையால் அவள் கண்ணை மூடிப் பிடித்திருந்தாள். அழுகை மட்டும் கேட்டது. மூன்று வருடம் கழித்து மோகனசுந்தரத்தோடு கல்யாணம். அம்மாவும் சித்தியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த உலகத்தில் அது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரையை அணைக்கக் கை வரவில்லை. பதினேழு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அழித்துவிட்டாள்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. சான்று கையெழுத்தாகும் வரை முடிவைத் திருத்தலாம். தாங்கியில் முப்பத்தாறு சுத்தமான குழாய்கள் இருந்தன. அதில் ஒன்றிலிருந்து கொஞ்சம் எடுத்து, மகளின் குறியை ஒட்டி ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் 'மினுக்கம் இல்லை' என்று வந்துவிடும். பாதிக்கப்படப் போகிறவர் யாரும் இல்லை. ஒரு குழாயின் மூடியைக்கூடத் திறந்துவிட்டாள்.

அப்போது தர்ஷினியின் முகம்தான் முன்னால் நின்றது. சான்று சுத்தமாக வரும், கல்யாணம் நடக்கும். ஆனால் தன் அம்மா தன்னை நம்பவில்லை, எதையோ மூடி மறைத்துத் தன்னைத் தள்ளிவிட்டாள் என்றுதான் அந்தப் பெண் சாகும் வரை நினைத்துக்கொண்டிருப்பாள். தாராபுரத்துப் பெண்ணின் அம்மாவும் அன்றைக்கு அந்த வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருந்தாள். மகளுக்குப் பக்கத்தில் உட்காராமல், இரண்டு நாற்காலி தள்ளி, தரையைப் பார்த்தபடி. அது வெட்கம் என்று ஹேமலதா நினைத்திருந்தாள். பயமாக இருந்திருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றியது.

மூடியைத் திரும்பப் போட்டாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மகளின் அலுவலகத்துக்குப் போனாள்.

அதே காரில், அதே இடத்தில் வைத்துச் சொன்னாள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி, நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

"எனக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கானா?" என்றாள் தர்ஷினி.

"எங்கன்னு தெரியாது கண்ணு. இருக்கானான்னும் தெரியாது."

"நேத்து நீ என்னைக் கேட்டப்ப, உனக்கு இது ஞாபகமே வரலையா?"

"வரல. உனக்குள்ள வரும்னு எனக்குத் தெரியாது. நான் பயந்ததெல்லாம் எனக்குள்ள இருக்கறதுக்குத்தான். அதனாலதான் இத்தன வருசம் அந்த மிசின்கிட்ட என் ரத்தத்தைக் கொண்டு போனதே இல்ல."

தர்ஷினி கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் சீட்டின் மேல் இருந்த அம்மாவின் கையை எடுத்து, ஊசி குத்திக் கன்றிப்போயிருந்த இடத்தைப் பார்த்தாள். "மூணு எடத்துல குத்தியிருக்க" என்றாள்.

"குழாயை மாத்தி வெச்சரலாம்னு பாத்தேன். இன்னும் நேரமிருக்குது. நீ சொன்னா..."

"வேண்டாம். உள்ளதை எழுது. அவங்க படிக்கட்டும். படிச்சிட்டு என்ன பண்றாங்கன்னு நானும் பாக்கறேன்."

புதன்கிழமை காலை ஹேமலதா சான்றை எழுதினாள். 'மினுக்கம் உண்டு' என்பதற்குக் கீழே, வழக்கமாக வெற்றாக விடும் இடத்தில், 'மூலம்: தாயின் முந்தைய மகப்பேறு. தாயின் ரத்தத்தில் உறுதி செய்யப்பட்டது' என்று தட்டினாள். டாக்டர் ஷாஹினா அதை இரண்டு முறை படித்தார்.

"இது சம்பந்தி வீட்டுக்கு நேரா போகும் ஹேமா. ஒருதரம் போனா திரும்ப வாங்க முடியாது."

"தெரியுமுங்க."

"நேத்து என்கிட்ட இல்லைன்னு சொன்னே."

"எல்லார்கிட்டயும் அப்பிடித்தானுங்க சொல்லிட்டிருந்தேன்."

ஷாஹினா கையெழுத்திட்டார். பேனாவை மூடிவிட்டு, "பழசெல்லாம் எடுக்கணும்" என்றார். "ஆறு வருசத்துல மினுக்கம்னு நாம எழுதுனது எல்லாத்தையும். அந்த அம்மாக்களைக் கூப்பிட்டா எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியல. கூப்பிட்டே ஆகணும்."

அன்று மத்தியானமே மோகனசுந்தரத்தின் பட்டறைக்குப் போனாள் ஹேமலதா. அவர் மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் கட்டுகிறவர். வேலையாட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். கையில் செம்புக் கம்பி இருந்தது. அவள் பேசி முடிக்கும் வரை அதைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகுதான் அது தப்பான பக்கம் சுற்றியிருப்பது தெரிந்தது. பிரிக்க ஆரம்பித்தார்.

"இருவத்தாறு வருசம்" என்றார். "ஒரு நாளாவது சொல்லோணும்னு தோணலையா உனக்கு?"

"தோணாத நாளில்லைங்க. பயந்துட்டேன்."

"என்னையப் பாத்து எதுக்குப் பயப்படோணும்? நான் என்ன கை நீட்டற ஆளா?"

"அது இல்லைங்க. நீங்க இப்பிடி உக்காந்திருப்பீங்கன்னுதான் பயந்தேன்."

அன்று அவர் வீட்டுக்கு வந்தார், ஆனால் சாப்பிடவில்லை. மறுநாள் காலையும் சாப்பிடாமல் பட்டறைக்குப் போனார். போகும்போது, தர்ஷினியிடம் மட்டும், "சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டு வர்றேன் அம்மிணி, பஸ்ஸுல வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ஹேமலதா வேலைக்குப் போகவில்லை. பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளை நிதினின் அம்மா வசந்தாமணி இறங்கினாள். பொள்ளாச்சியிலிருந்து காரும் டிரைவரும் இல்லாமல், கூட யாரும் இல்லாமல், பஸ் ஏறி வந்திருந்தாள். இந்தச் சம்பந்தத்தில் சான்று வேண்டும் என்று முதலில் கேட்டதே அவள்தான். சம்பந்தம் முறிந்தால் முறியட்டும், தெருவில் நின்று சத்தம் மட்டும் போடாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே ஹேமலதா கதவைத் திறந்தாள்.

வசந்தாமணி உள்ளே வந்து, தானே கதவைச் சாத்தினாள்.

"வூட்டுல யாருங்க இருக்கறாங்க?"

"நான் மட்டுந்தானுங்க. உக்காருங்க, தண்ணி கொண்டாறேன்."

"ஒண்ணும் வேண்டாமுங்க." கைப்பையிலிருந்து சான்றை எடுத்தாள். நான்காக மடித்திருந்தாள். "இது என்ற போனுக்குத்தான் வந்துச்சு. அச்செடுத்துட்டுப் போன்ல இருக்கறத அழிச்சுப்போட்டேன். அவரும் பாக்கல, நிதினும் பாக்கல."

ஹேமலதா நின்றுகொண்டே இருந்தாள். "எல்லாத்தையும் எழுதித்தானுங்க அனுப்பியிருக்கறேன். தர்ஷினி மேல ஒரு குத்தமும் இல்லைங்க. இருக்கறது எம்மேலதான். நீங்க வேண்டாம்னு சொன்னா..."

"நான் அதுக்கு வரலீங்க." வசந்தாமணி சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவளுடைய மேலுதட்டில் வேர்த்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "இதுல எழுதியிருக்குதுங்களே, தாயோட மொதப் பேறுன்னு. அது அடுத்த கொழந்தைக்குப் போறது... பொண்ணுங்களுக்கு மட்டுந்தானுங்களா?"

"எல்லாருக்குமுங்க. ஆணு பொண்ணுன்னு இல்லைங்க."

"பசங்களுக்கு எடுத்துப் பாத்தாலும் தெரியுமா?"

"தெரியுமுங்க."

வசந்தாமணி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். சான்றை மடியில் வைத்து, மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு நிதின் ஒரே மகன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"பசங்களுக்கு யாரும் கேக்கறதில்லைங்க" என்றாள் ஹேமலதா, குரலைத் தாழ்த்தி. "இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லைங்க."

"இனி கேப்பாங்களா?"

"தெரியலைங்க."

வெளியே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார்.

"அந்த அணு உசுரோட இருக்குதுன்னா" என்றாள் வசந்தாமணி, "அது எந்தக் கொழந்தையோடதோ அதுவும் எங்கியாவது உசுரோட இருக்குதுன்னு அர்த்தமாங்க?"

"இல்லீங்க. அத வெச்சு அப்பிடிச் சொல்ல முடியாதுங்க."

வசந்தாமணி தலையாட்டினாள். அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது. சான்றைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். எழுந்திருப்பாள் என்று நினைத்தபோது, புடவைத் தலைப்பை ஒதுக்கி, இடது கையை முழங்கை வரை மேசை மேல் நீட்டினாள்.

"எனக்கு ஒருக்கா எடுத்துப் பாப்பீங்களா? எழுதிக் குடுக்க வேண்டாமுங்க. பேரு போட வேண்டாம். அந்தத் திரையில பாத்தாப் போதும்."